பித்தளைப் பெட்டிக்குள் ஒரு முள்

பழைய பாக்கெட் திசைகாட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பலர் கவனிக்காத ஒரு சின்ன நெம்புகோல். மூடியைச் சாத்தியதும் அது காந்த முள்ளைத் தூக்கிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குதிரைச் சவாரியில் எவ்வளவு குலுங்கினாலும், முள்ளைத் தாங்கும் கூர்முனை மழுங்காது. என்ன அக்கறையான வேலை!

காந்த ஊசியைப் பற்றிச் சீனத்தின் ஷென் குவோ 1088 வாக்கிலேயே எழுதிவிட்டார். அதன் இன்னொரு குணத்தை 1581-இல் நூலாக வெளியிட்டவர் லண்டனில் கருவிகள் செய்துவந்த ராபர்ட் நார்மன். சமன்செய்த ஊசிக்குக் காந்தம் ஏற்றினால் அதன் வடமுனை கீழே தாழ்கிறது! பூமியே பெரிய காந்தம் என்று 1600-இல் வில்லியம் கில்பர்ட் எழுதியபோது இந்தத் தாழ்வும் அவருக்குச் சான்றாக நின்றது.

இந்தத் தாழ்வை ஈடுகட்டத்தான் பல முட்களின் தென்பாதியில் சிறு எடை சேர்த்திருப்பார்கள். தாழ்வே இல்லாத காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இங்கே தாழ்வு மிகக் குறைவு. லண்டனுக்காகச் சமன்செய்த முள் இங்கு தென்பக்கம் சாயும். அதைப் பழுதென்று நினைத்துப் பழைய பித்தளைக்குப் போட்டுவிடாதீர்கள். கைப்பேசியின் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஸ்பீக்கரிலுள்ள காந்தம் முள்ளின் துருவங்களையே மாற்றிவிடக்கூடும்.