ஒரே வாசல் உள்ள கடை

என் பழைய நாவல் ஒன்றைப் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பாள நண்பர் ஒருவர் சென்ற மாதம் சொன்னார். 1998இல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது அது. பதினான்கு அத்தியாயம் வெளிவந்ததும் பத்திரிகை நின்றுபோயிற்று. மீதிப் பதினெட்டு அத்தியாயத்தை யாரும் படித்ததில்லை. "பிரதி இருக்கிறதா, ஸார்?" என்று கேட்டார். "கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது" என்று நான் பெருமையோடு சொன்னேன்.

அந்தப் பெருமைக்குக் காரணம் உண்டு. என் கையெழுத்தை அச்சுக்கோப்பவர்கள் சபிப்பது வழக்கம். அதற்குப் பயந்து கம்ப்யூட்டர் வாங்கினேன். தமிழ் எழுத்து வர வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும் என்றார்கள். அதையும் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அதோடு சின்னக் கட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகினால்தான் தமிழ் வரும், எடுத்துவிட்டால் வராது. பூட்டு வீட்டுக்காரனைத் திருடனாக நினைத்துச் செய்த ஏற்பாடு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இனி எதற்கு என்று கையெழுத்துப் பிரதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

இப்போது ஃபைலைத் திறந்து பார்த்தால், தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துக்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தமிழ் ஒரு எழுத்துக்கூட இல்லை. விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அதன் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொருகுகட்டை இருக்கிறது. அதைச் சொருகுவதற்கு ஓட்டையுள்ள யந்திரம்தான் இல்லை.

விஷயம் இதுதான். அந்த நாட்களில் ஆங்கில எழுத்துக்களின் ஆசனங்களில் தமிழ் எழுத்துக்களை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு உட்கார வைத்தது. ஒருவர் 'க' வைத்த இடத்தில் இன்னொருவர் 'மூ' வைத்தார். ஒருவரிடம் எழுதியதை இன்னொருவரிடம் படிக்க முடியாது என்பது அவர்களுக்குக் குறையாகப் படவில்லை, அதுவே வியாபாரம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பல நாட்டுத் தமிழர்கள் கூடி, விசைப்பலகைக்கு ஒரு முறையும் எழுத்துக்குப் பொதுவான ஏற்பாடுகளும் வகுத்தார்கள். அதற்குப் பிறகு யூனிகோட் பரவி, ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுவதும் ஒரே எண் என்றாயிற்று. பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக மாற்றும் கருவிகளைச் சில இளைஞர்கள் இனாமாகவே செய்து கொடுத்தார்கள். என்னுடைய எழுத்துரு அவர்கள் ஜாபிதாவில் இடம் பெறுகிற அளவுக்குப் பிரபலமானதல்ல.

இதை என் சொந்தக் கஷ்டமாக மட்டும் நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நான் அன்றைக்கு விலை கொடுத்து வாங்கியது என்ன என்ற கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

அம்பத்தூர்வாசிக்கு வாங்குவது என்றால் முதலில் ஞாபகம் வருவது சைக்கிள். ஹெர்குலிஸ் சைக்கிள் எங்கள் ஊர்ச் சரக்கு. காசைக் கொடுத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டால், கம்பெனிக்கும் அதற்கும் இருந்த பந்தம் அறுந்தது. செயின் போனால் தெருமுனையில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் வேறு கம்பெனிச் செயினைப் போட்டுத் தருவார். 'நாளை முதல் உங்கள் சைக்கிள் ஓடாது' என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத முடியாது.

கடிதம் எழுதாமலே செய்ய முடியும் என்று 2009 ஜூலையில் தெரிந்தது. அமேசான் கம்பெனி தன் கிண்டில் கருவியில் விலைக்கு விற்ற சில புத்தகங்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று கண்டு, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து தூரத்தில் இருந்தபடியே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அழிந்தவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெலின் '1984'. நாவலாசிரியன் எவனாவது இப்படி ஒரு கட்டத்தைக் கற்பனை செய்து எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று நானே விமரிசனம் எழுதியிருப்பேன்.

அடுத்த வீட்டுப் பையன் பத்தாவது படிக்கிறான். வீடியோ கேம் விஷயத்தில் எனக்கு அவன்தான் குரு. பெரியவர்கள் இந்த விளையாட்டுகளைப் பற்றிப் பேசும்போது குரலில் ஏறும் பயம் எனக்கு ஒப்புதலில்லை. பணம் வைத்து ஆடும் ரம்மி முதலானவை வேறு சங்கதி. அவற்றைச் சூதாட்டம் என்று நினைப்பவன் நான். 2022இல் தமிழ்நாட்டிலும் 2025இல் மத்தியிலும் அவற்றுக்கு எதிராகச் சட்டம் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. பையன் ஆடுவது அதுவல்ல. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். பாதுகாப்பான வட்டம் குறுகிக்கொண்டே வருகிறது. கடைசியில் நிற்பவன் ஜெயித்தவன். கதை என்று பார்த்தால் ஒன்றுமில்லை, பாத்திரப் படைப்பும் கிடையாது. ஆனால் ஆடும்போது பையன்கள் ஒருவருக்கொருவர் காதில் பேசிக்கொள்கிறார்களே, அதைக் கேட்டேன். "டேய், நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்று ஒருவன் தன்னைப் பலியாகக் கொடுக்கிறான். 2020இல் ஊரே கதவடைத்திருந்தபோது எத்தனையோ பையன்களுக்கு அதுதான் தெருத் திண்ணையாக இருந்தது.

அந்தத் திண்ணை என்ன ஆயிற்று? பப்ஜி என்ற அந்த விளையாட்டை மத்திய அரசாங்கம் 2020 செப்டம்பர் 2ஆம் தேதி 118 செயலிகளோடு சேர்த்துத் தடை செய்தது. அக்டோபர் கடைசியில் இந்தியாவுக்கு ஸர்வர் நின்றது. 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் மறுபடி கடையிலிருந்து மறைந்தது. 2023 மே மாதம் மறுபடி வந்தது. தடைக்கு அரசாங்கம் சொன்ன காரணங்கள் இருக்கலாம். அதில் நான் புகவில்லை. பையன் அதைப் பற்றிச் சொன்னதுதான் என்னை உலுக்கியது: "நம்ம கையில என்ன இருக்கு, தாத்தா? அவங்களா குடுப்பாங்க, அவங்களா எடுத்துப்பாங்க." பதினைந்து வயசுக்கு இது வரக்கூடாத ஞானம். தடை ஏதும் இல்லாமலேயும் இது நடக்கிறது. 2014இல் வெளியான 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டின் ஸர்வர்களை 2024 மார்ச் 31ஆம் தேதியோடு யுபிஸாஃப்ட் கம்பெனி நிறுத்தியது. தனியாக ஆடுகிறவனும் ஆட முடியாது. காசு கொடுத்து வாங்கிய தட்டு வெறும் தட்டு.

என் மேஜை டிராயரில் பழைய நோக்கியா போன் ஒன்று கிடக்கிறது. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய தொழிற்சாலையில் ஆனது. தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடிவிட்டது; ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. போனில் இருக்கும் பாம்பு விளையாட்டு மட்டும் இன்றைக்கும் ஓடுகிறது. 1997இல் டனேலி அர்மான்டோ என்ற பின்லாந்துக்காரர் நோக்கியாவுக்காகச் செய்தது. கலைப்படைப்பு என்று பார்த்தால் பையனின் தீவைவிட இதுவே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். தின்னத் தின்ன உடம்பு நீள்கிறது. கடைசியில் தன் உடம்பின் மேலேயே மோதிச் சாகிறது. பையனிடம் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு, "நெட் இல்லாமலே ஓடுதா!" என்றான்.

செல்போனில் எதை வாங்குவதானாலும் கடை ஒன்றே, வாசல் ஒன்றே. பெரும்பாலான இந்தியர்கள் கையில் இருக்கும் போனுக்கு அந்தக் கடை கூகிளுடையது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி டாட் காம் கம்பெனியின் கதை இதற்கு உதாரணம். கல்யாணத் தரகு செய்யும் கம்பெனி. பாரத் மேட்ரிமோனி என்றால் தெரியாத பெற்றோர் இல்லை. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் கடைக்காரர் கேட்ட பங்கைப் பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பங்கு பொதுவாக 15 முதல் 30 சதவீதம். 2024 மார்ச் 1ஆம் தேதி அந்தச் செயலிகள் கடையிலிருந்து எடுக்கப்பட்டன. டெல்லியில் மந்திரி தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்பி வந்தன. தரகர் வாங்கும் கமிஷனைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். அவரைக் கல்யாண மண்டபத்துக்குள் விடுவதா வேண்டாமா என்று வாசற்கதவு செய்தவர் தீர்மானிப்பது புதுமைதான்.

அம்பத்தூரில் ரயிலேறினால் திருமுல்லைவாயில், அண்ணனூர், அடுத்தது ஆவடி. அங்கே 1955 ஜனவரியில் தேபர் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாநாட்டில்தான் 'சோஷலிஸ மாதிரிச் சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறிற்று. முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றார்கள். அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக 1969இல் ஏகபோகத் தடைச் சட்டம் வந்தது. அந்தக் காலத்தை நினைத்து உருக நான் தயாரில்லை. டெலிபோனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அதுவும் ஒரே வாசல் உள்ள கடைதான். ஆனால் அந்தக் கடைக்கு ஒரு கவுண்டர் இருந்தது, அதற்குப் பின்னால் ஒரு மனுஷர் இருந்தார், அவரிடம் சண்டை போடலாம். இன்றைய கடையில் யாரிடம் சண்டை போடுவது?

அந்தச் சட்டம் போய் 2002இல் போட்டிச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2022 அக்டோபரில் கூகிளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. போனோடு ஒட்டிக்கொண்டு வரும் கூகிள் செயலிகளை வேண்டாதவர்கள் நீக்க வழி விட வேண்டும் என்பது உத்தரவுகளில் ஒன்று. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் அபராதத்தை உறுதி செய்தது. நீக்கலாம் என்ற அந்த உத்தரவை ரத்து செய்தது. பணத்தைப் பற்றி எனக்கென்ன? அது அவர்களுக்குச் சில மணி நேர வரும்படி. நான் எதிர்பார்த்தது மற்றதை. ஆனால் நன்றி கெட்டுப் பேசவும் கூடாது. இந்தக் கட்டுரையின் பாதியை நான் வாயால் சொல்ல, அந்தக் கம்பெனியின் யந்திரம்தான் இனாமாகத் தமிழில் எழுதியது. 'அண்ணனூர்' என்பதை மட்டும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நோக்கியா போன அதே ஸ்ரீபெரும்புதூரில் இப்போது ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் செய்கிறார்கள். 2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் தங்கி அங்கே வேலை பார்த்த பெண்கள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் ராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். தொழிற்சாலை சில வாரம் மூடிக் கிடந்தது. வாங்குகிறவனுக்குத்தான் போன் சொந்தமில்லை என்று நான் புலம்புகிறேன். செய்கிறவளுக்கு அன்றைக்கு நல்ல சோறும் சொந்தமாக இல்லை.

என் ஃபைல் விஷயம் முக்கால்வாசி தீர்ந்தது. எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர், தம்பி என்றே கூப்பிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். அச்சான பதினான்கு அத்தியாயத்தை ஒரு பக்கமும் கொம்பு முளைத்த எழுத்துக்களை மறுபக்கமும் வைத்து, எது எந்த எழுத்து என்று அட்டவணை போட்டார். மூன்றாவது ஞாயிறு மாலை, யாரும் படிக்காத பதினைந்தாம் அத்தியாயம் தமிழில் எழுந்து வந்தது. நானே புதுசாகப் படிப்பதுபோல் படித்தேன். சில இடங்கள் மோசமாக இருந்தன.

அச்சான அத்தியாயங்களில் ஒரு தடவைகூட வராத எழுத்துக்கள் மூன்று நான்கு மிஞ்சின. அவை இருக்கும் இடத்தில் வெறும் கட்டம் விழுகிறது. பெரும்பாலும் அர்த்தத்தை வைத்து நிரப்பிவிட்டேன். இருபத்தேழாம் அத்தியாயத்தில் கதாநாயகன் வீட்டை விட்டு ஒரு ஊருக்குப் பஸ் ஏறுகிறான். 'பா', பிறகு ஒரு கட்டம், பிறகு 'ர்'. பாளூரா, பாழூரா, பாணூரா? எனக்கு நினைவில்லை. பாலூர் இல்லை என்று தம்பி சத்தியம் செய்கிறார்; 'லூ' அட்டவணையில் இருக்கிறதாம். "வேலூர்னு போட்டுடலாமா, ஸார்?" என்று பதிப்பாளர் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.