உயிரோடு வந்து சொல்பவள்

தமிழில் இணையத் தொடர்கள் வரத் தொடங்கியதிலிருந்து குற்றக் கதைகளுக்குத்தான் மவுசு. அவற்றில் பல, ஒரு பெண் காணாமல் போவதிலோ பிணமாகக் கிடைப்பதிலோ தொடங்குகின்றன. அவள் யார், அவளுக்கு என்ன நடந்தது என்று தேடித்தேடி எட்டு அத்தியாயம் ஓடுகிறது. செத்தவளுக்கு இவ்வளவு செவி கொடுக்கும் தொடர்கள், உயிரோடு வந்து புகார் சொல்லும் பெண்ணுக்கு எத்தனை காட்சி ஒதுக்குகின்றன? தொடர்களை வரிசையாகப் பார்த்து முடித்தபோது எனக்கு மிஞ்சிய கேள்வி இது.

'சுழல்' தொடரிலிருந்து தொடங்கலாம். புஷ்கர்-காயத்ரி உருவாக்கத்தில் பிரம்மாவும் அனுசரணும் இயக்கி, 2022 ஜூனில் வெளிவந்தது. சாம்பலூர் என்பது கற்பனை ஊர். ஆனால் சிமெண்ட் ஆலை, யூனியன், வேலைநிறுத்தம், ஊர் கூடிக் கொண்டாடும் மயானக் கொள்ளை என்று அதில் வருவதெல்லாம் அரியலூர்ப் பக்கத்து மனிதருக்குப் பழகிய உலகம். ஆலை நிர்வாகம், தொழிற்சங்கத் தலைவர், பெண் இன்ஸ்பெக்டர் என்று அதிகாரம் கை மாறிக்கொண்டே போவதைத் தொடர் நன்றாகக் காட்டுகிறது. அதைவிடப் பெரிய துணிச்சல், சிறுமிகளைச் சிதைப்பவனை ஊருக்கு வெளியே தேடாமல் வீட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தது. தங்கையைத் தேடி ஊர் திரும்பும் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ் அந்தப் பழைய காயத்தை முகத்திலேயே சுமக்கிறார்.

என் மனக்குறை முடிவில் இருக்கிறது. நந்தினிக்குத் தொடர் கொடுப்பது அங்காளம்மனின் ஆவேசம். சிறுவயதில் அவள் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும், சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள் என்ற கேள்வி உடுக்கைச் சத்தத்தில் அடிபட்டுப் போகிறது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் அவளைச் சிறையிலிருந்து பார்க்கிறது. வக்கீல் ஒருவர் கொலையாக, எட்டுப் பெண்கள் தனித்தனியே வந்து 'நான்தான் கொன்றேன்' என்கிறார்கள். அதற்கும் காளி திருவிழாதான் பின்னணி. சாமியின் கோபம் திரைக்கு அழகுதான். ஆனால் அது ஸ்டேஷன் வாசலைத் தாண்டாமலே கதையை முடிக்கும் வசதியையும் தந்துவிடுகிறது.

ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கி 2022 டிசம்பரில் வந்த 'வதந்தி' இன்னொரு வகை. அதில் வரும் இளம்பெண் வெலோனி இறந்த பிறகும் அவள்மேல் கதை கட்டுவது நிற்கவில்லை. பத்திரிகை, எழுத்தாளர், அண்டை வீட்டார் என்று ஆளுக்கொரு வெலோனியைப் படைக்கிறார்கள். பெண்ணைப் பேச்சாலேயே தின்பதும் சுரண்டல்தான் என்று இவ்வளவு நேரடியாகச் சொன்ன தமிழ்த் தொடர் வேறு எனக்குத் தெரியாது. ஆனாலும் உண்மை வெலோனியைத் தேடித் தரும் பொறுப்பு எஸ்.ஜே.சூர்யாவின் எஸ்.ஐ. பாத்திரத்திடம் போகிறது. அவளைவிட அவருடைய தூக்கமின்மையே நமக்கு நெருக்கமாகிறது.

குற்றத் தொடர் என்று சொல்ல முடியாத 'அயலி' (2023) இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. முத்துக்குமார் இயக்கியது. வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்தும் ஊரில் ஒரு சிறுமி அதை மறைத்துப் பள்ளிக்குப் போகிறாள். அம்மன் பெயரால் நடக்கும் அடக்குமுறை முழுவதையும் எதிர்த்து அவள் உயிரோடு நின்று பேசுகிறாள்.

அப்படிப் பேசுபவளுக்குச் செவி கொடுத்த அம்மனும் உண்டு. பெரம்பலூரை அடுத்து, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும். அங்கே வழங்கும் கதையில் ஊரின் முதல் தெய்வம் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி அவளைத் தன் வசப்படுத்தி, அவளுடைய சன்னதியிலேயே அடிமையாக வைத்திருந்தான். மதுரையிலிருந்து வந்த காளி ஓர் இரவு தங்க இடம் கேட்கிறாள். செல்லி தன் நிலையைச் சொல்கிறாள், வந்தவள் நம்புகிறாள், இரவில் மந்திரவாதியை வதைக்கிறாள். வதத்தைத்தான் நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அதற்கு முந்தைய பேச்சுதான் பெரிதாகத் தெரிகிறது. தெய்வமே ஆனாலும் அகப்பட்டவள் வாய் திறக்க, கேட்க ஒருத்தி வரவேண்டியிருந்தது.

அந்தக் கேட்டலை வைத்தே தொடர் எடுத்தவர்கள் உண்டு. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'அன்பிலீவபிள்' அமெரிக்காவில் நடந்த உண்மை வழக்கை வைத்து எடுத்தது. வன்கொடுமையைப் புகார் செய்த இளம்பெண்ணைப் போலீஸ் நம்பாமல், பொய்ப்புகார் கொடுத்ததாக அவள் மீதே வழக்குப் போடுகிறது. வேறொரு மாநிலத்தில் இரண்டு பெண் அதிகாரிகள் மற்றவர்களின் புகார்களைப் பொறுமையாகக் கேட்பதால்தான் குற்றவாளி சிக்குகிறான்.

நம்மிடம் களம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இலேயே சென்னை ஆயிரம் விளக்கில் வந்துவிட்டது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்கிறது. சேலையில் வந்த ஒரு பெண் எஸ்.ஐ. சிறுமியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் பேசும்வரை காத்திருக்கும் காட்சியை ஒரு தொடரிலாவது பார்க்க ஆசைப்படுகிறேன்.

புகார் தரப் போகும் வழியே எப்படி அடைக்கப்படும் என்பதற்கும் நம் நெடுஞ்சாலையிலேயே சாட்சி இருக்கிறது. 2021 பிப்ரவரியில் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர், சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தன்னிடம் அத்துமீறியதாகப் புகார் கொடுக்கச் சென்னைக்குப் புறப்பட்டார். பரனூர் சுங்கச்சாவடியில் அவருடைய காரைப் போலீஸே மறித்தது. 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. மறித்ததற்காக அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி.க்கு 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் சிறைத் தண்டனையை உறுதி செய்தது.

இந்த வழக்கில் பிணமில்லை, மர்மமில்லை, கொலையாளியைத் தேடும் வேலையுமில்லை. காக்கி அணிந்த, பதவியில் உயர்ந்த பெண்ணுக்கே ஒரு புகாரைக் கொண்டுசேர்ப்பது இவ்வளவு பாடு. இதைத் தொடராக எழுத யாராவது உட்கார்ந்தால், சுங்கச்சாவடியில் அந்தக் காரின் முன்னால் போய் நின்ற சாதாரணப் போலீஸ்காரரிடமிருந்து தொடங்கலாம். உள்ளே இருப்பவர் யாரென்று தெரிந்திருந்தும் அவர் ஏன் விலகவில்லை என்பதற்கே எட்டு அத்தியாயம் தேவைப்படும்.