தொப்பி ஒன்று, தலை வேறு

கீபோர்டு வாங்கும் உத்தேசம் இருக்கிறதா? பெட்டி மேல் 'ஹாட் ஸ்வாப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சால்டரிங் வேண்டாம், ஸ்விட்சை நீங்களே பிடுங்கிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம். நல்ல விஷயம்தான். அந்த 'வேறொன்று' எது என்பதில்தான் வில்லங்கம்.

ஆபீஸில் நாம் தட்டுகிற சாதா கீபோர்டில் பெரும்பாலும் எல்லா எழுத்துக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு. மெக்கானிகல் கீபோர்டில் எழுத்துக்கு ஒரு ஸ்விட்ச். உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள். அழுத்தினால் தகடுகள் தொட்டுக்கொள்ளும், எழுத்து விழும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இந்தக் குடும்பத்துக்குப் பெரியப்பா. சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். பிரவுன் நடுவில் லேசாக இடறும். நீலம் 'க்ளிக்' என்று ஊரைக் கூட்டும்.

செர்ரியின் பேட்டன்ட் காலம் முடிந்ததும் கேட்டரான், கைல் போன்ற சீனக் கம்பெனிகள் அதே அளவில், அதே கால்களோடு செய்து குவித்தன. யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் ஒரு பொது அளவு உருவாகிவிட்டது. ஒரு கம்பெனியின் பலகையில் இன்னொரு கம்பெனியின் ஸ்விட்ச் ஜம்மென்று உட்காரும். ஒரு எழுத்து மக்கர் செய்தால் ஒரு ஸ்விட்சை மாற்றினால் போச்சு. முழு கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் இப்போது காந்தம் நுழைந்திருக்கிறது.

காந்த ஸ்விட்சில் தகடுகள் தொட்டுக்கொள்வதில்லை. தண்டின் அடியில் குட்டிக் காந்தம், கீழே பலகையில் ஒரு சென்ஸார். காந்தம் எவ்வளவு தூரம் இறங்கியது என்று சென்ஸார் அளந்துகொண்டே இருக்கும். அடிப்படைத் தத்துவம், எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-ல் கண்டுபிடித்தது. ஹனிவெல்லின் மைக்ரோ ஸ்விட்ச் பிரிவு 1960களின் கடைசியிலேயே இதை வைத்து கீபோர்டு செய்துவிட்டது. ஆக, சமாசாரம் பழசு. கேம் ஆடுகிறவர்களிடம் அதற்கு வந்திருக்கும் மவுசுதான் புதுசு.

மவுசுக்குக் காரணம் உண்டு. எவ்வளவு அழுத்தினால் எழுத்து விழ வேண்டும் என்பதை 0.1 மில்லிமீட்டர் கணக்கில் நீங்களே வைத்துக்கொள்ளலாம். விரலை ஒரு நூல் தூக்கினாலே விட்டதாக எடுத்துக்கொள்ளும். தொடுகிற தகடு இல்லாததால் அது தேய்ந்துபோகும் பேச்சும் இல்லை. தொழில்நுட்பத்தில் நான் குறை சொல்லமாட்டேன்.

குறை வியாபாரத்தில். இரண்டு வகை ஸ்விட்சும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மேலே அதே கூட்டல்குறித் தண்டு. எழுத்து போட்ட பிளாஸ்டிக் தொப்பி இரண்டிலும் உட்காரும். ஆனால், காந்த ஸ்விட்சைச் சாதாரண மெக்கானிகல் பலகையில் மாட்டினால் அளக்க சென்ஸார் இல்லை. அழுத்துங்கள், ஒன்றும் நடக்காது. மெக்கானிகல் ஸ்விட்சைக் காந்தப் பலகையில் மாட்டப் போனால் பெரும்பாலும் அதன் கால்களுக்கு இடமே இருக்காது. பலவந்தப்படுத்தினால் கால் வளையும்.

சரி, காந்தத்துக்குக் காந்தமாவது சேருமா? அதுவும் உறுதியில்லை. ஒன்றில் வட துருவம் கீழே பார்க்கும், இன்னொன்றில் தென் துருவம். காந்தத்தின் பலமும் ஆளுக்கு ஆள் மாறும். சென்ஸார் தப்புக் கணக்கு போடும்.

இரண்டையும் ஏற்கும் பலகைகளும் வந்திருக்கின்றன. குளோரியஸ் நிறுவனத்தின் ஜிஎம்எம்கே 3 ஹெச்இ அப்படி ஒன்று. ஆனால் அதில் மெக்கானிகலை மாட்டினால் அது மெக்கானிகலாகத்தான் வேலை செய்யும். காந்த வித்தைகள் கிடையாது. கீக்ரான் இன்னும் நேராகவே பேசுகிறது. க்யூ1 ஹெச்இ மாடலில் கேட்டரானின் டபுள் ரெயில் காந்த ஸ்விட்ச் மட்டும்தான் எடுபடும் என்று சொல்லிவிடுகிறது. இந்த நாணயம் எல்லோரிடமும் இருந்தால் நான் இந்தப் பக்கத்தை நிரப்பவேண்டியதில்லை.

காமர்ஸ் பாடத்தில் 'ஸ்விட்சிங் காஸ்ட்' என்பார்கள். ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போக வாடிக்கையாளர் அழவேண்டிய தண்டம். பெயர்ப் பொருத்தம் இங்கே பிரமாதம்! மூன்று வருஷம் கழித்து அந்த ஒரே ரக ஸ்விட்சைக் கம்பெனி நிறுத்திவிட்டால், தேயாத காந்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? காபி கொட்டினால் காந்தம் தேயாது; ஸ்பிரிங் பிசுபிசுத்துப் போகும்.

கடிதமும் கட்டுரையும் டைப் அடிக்க மட்டும்தான் என்றால் மெக்கானிகல் தாராளமாகப் போதும். கேம் ஆடுகிற பிள்ளை கேட்கிறான் என்றால் காந்தம் வாங்குங்கள், கூடவே பத்து உபரி ஸ்விட்சும் வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள்.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் வேறு எந்த ஸ்விட்ச் வேலை செய்யும்? பேர் சொல்லுங்க." பேர் வந்தால் பர்ஸைத் திறக்கலாம். "எல்லாமே போடலாம் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.