தற்புகழ்ச்சி தகுமா? 'வல்லவன்' இசைத்தட்டைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

ராப் என்று ஆங்கிலத்தாரும் சொல்லிசை என்று நம்மவரும் வழங்கும் பாட்டு முறையைப் பற்றி நம் பெரியவர்களிற் பெரும்பாலோர் கொண்டுள்ள அபிப்பிராயம் இரண்டே வார்த்தைகளில் அடங்கும்: ஒன்று, கூச்சல், மற்றொன்று, தற்பெருமை. முதற் குற்றச்சாட்டைப் பற்றி நாம் அதிகம் கவலைப்படவில்லை. காதுக்குப் பழக்கமில்லாத எந்த இசையும் முதலிற் கூச்சலாகவே கேட்கும். தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் உருமி மேளம் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் கனவான்கள் இன்றும் உண்டு. இரண்டாவது குற்றச்சாட்டோ ஆராயத்தக்கது. அதை ஆராய்வதற்கு, 2006ம் ஆண்டில் இந்நாட்டில் வெளிவந்த 'வல்லவன்' என்னும் இசைத்தட்டைக் காட்டிலும் தக்க சான்று நமக்குத் தோன்றவில்லை. பெயரே தற்புகழ்ச்சியன்றோ!

இத்தட்டைச் செய்தவர்கள் யோகி பி என்பவரும், நட்சத்ரா என்னும் பெயரில் அவரோடு சேர்ந்த டாக்டர் பர்ன், எம்.சி. ஜெஸ் ஆகிய இருவருமாவர். யோகி பி இத்துறைக்குப் புதியவரல்லர். 'பொயட்டிக் அம்மோ' என்ற குழுவில் இருந்துகொண்டு, 1998ம் ஆண்டிலேயே ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் ஆகிய நான்கு மொழிகளிலும் பாட்டமைந்த தட்டொன்றை வெளியிட்டவர்களில் அவரும் ஒருவர். அத்தட்டில் தமிழ் நான்கு விருந்தாளிகளில் ஒன்றாய் உட்கார்ந்திருந்தது. 'வல்லவ'னில் அதுவே வீட்டுக்காரனாயிற்று. ஆங்கிலம் ஆங்காங்கே கலந்து வருகிறதாயினும், பேச்சை நடத்துவது தமிழே.

இத்தட்டை ஊரெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டு 'மடை திறந்து' என்பதாகும். 1980ம் ஆண்டில் பாரதிராஜா எடுத்த 'நிழல்கள்' படத்திற்காக இளையராஜா இசையமைத்து எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டின் பல்லவியை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றிப் புதுச் சொற்களை மூவரும் அடுக்கினர். "அப்படியானால் பெருமை இளையராஜாவுக்குத்தானே?" என்று கேட்பாருளர். பாதிப் பெருமை அவருக்கே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறிந்த மெட்டில் அறியாத சொல்லை ஏற்றுவது நம் மரபுக்கு விரோதமானதன்று. நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் பிரசாரப் பாட்டுப் புத்தகங்களிலும் தலைப்பின்கீழ் "இன்ன பாட்டின் மெட்டு" என்று அச்சிட்டு வந்தவர்கள் நம் முன்னோர்களே. மெட்டு ஜனங்களைக் கூட்டும். கூடிய ஜனங்களிடம் என்ன சொல்லப்பட்டதென்பதே விமர்சகன் பார்க்க வேண்டியது. வேலையற்ற இளைஞர்களைப் பற்றிய ஒரு படத்தின் பாட்டை, தோட்டம் போய்ப் பட்டணத்து அடுக்குமாடிகளில் வேலை தேடிய இளைஞர்களின் பாட்டாக மாற்றியது வெறும் இரவலாகாது.

சொல்லை அடுக்கிய விதத்தையும் பார்ப்போம். சொல்லிசைக்கு உயிர் அடியின் ஈற்றில் வரும் ஒலியொப்புமை. நம் இலக்கணத்தார் அதை இயைபு என்பர். ஆங்கிலத்தில் இயைபு தேடுவது கடினம். ஆதலால் கிடைத்தால் அழகு. தமிழிலோ வினைமுற்றுகள் பல ஏன், ஆன், ஆள், ஆர் என்றே முடிவதால் இயைபு தெருவிற் கிடக்கும் கூழாங்கல். அதைப் பொறுக்குவதில் சாமர்த்தியம் ஏதுமில்லை. தமிழனுடைய காது தேடுவது அடியின் முதலில் வரும் மோனையையும் எதுகையையுமாம். நல்ல இடங்களில் இம்மூவரும் இதை உணர்ந்திருக்கிறார்கள். தாளத்தின் அடி விழுமிடத்தில் எதுகையெழுத்து வந்து விழும்போது, அமெரிக்க முறை நம் சிந்துக்கும் கும்மிக்கும் உறவாகிவிடுகிறது. வினைமுற்றுகளை மட்டும் நம்பிய இடங்களில் பாட்டுச் சளைக்கிறது.

நிற்க. தற்புகழ்ச்சிக் குற்றத்திற்கு வருவோம். பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில், எத்துணைக் கல்வியுடையவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்று முதலிற் கூறிவிட்டு, அடுத்த சூத்திரத்திலேயே புலவனுக்கு நான்கிடங்களில் அதற்கு அனுமதியும் தருகிறார். அரசனுடைய சபைக்கு ஓலை விடுக்கும்போது. தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போது. அவையில் வாதத்தை வெல்ல வேண்டியபோது. எதிரி தன்னைப் பழித்தபோது. சொல்லிசையின் பிறப்பிடத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள். 1973ம் ஆண்டையொட்டி நியூயார்க் நகரத்து பிராங்க்ஸ் பகுதியில் இதைத் தொடங்கிய கறுப்பின இளைஞர்கள், தம் ஆற்றலை அறியாதாரிடையே, தம்மைப் பழித்தவர்களுக்கு எதிரில் நின்றவர்களல்லரோ? அவர்கள் நன்னூலைக் கண்டாரில்லை. ஆயினும் அதன் விதியை மீறவுமில்லை.

'வல்லவன்' வெளிவந்த காலத்தில் நம் பிள்ளைகளின் நிலையும் அதுவேயாம். 1980, 1990ம் ஆண்டுகளில் தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாற, லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பட்டணத்தில் வளர்ந்தார்கள். தமிழிளைஞன் என்றாலே சண்டைக்காரன் என்று பேசுவோர்க்குக் குறைவில்லை. 2007ம் ஆண்டு நவம்பரில் கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரக்கணக்கில் திரண்டு குரலெழுப்பிய மனத்தாங்கல், அதற்கு முந்திய ஆண்டில் எவர் நெஞ்சிலும் இல்லாமலில்லை.

நம்மைப் பற்றியும் ஒன்று ஒப்புக்கொள்ளுதல் நேர்மை. நாம் இப்பொழுது செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்க்கிறோம்; படித்ததெல்லாம் ஆங்கில வழியில். பள்ளியில் எவனேனும் தமிழ் பேசினால் 'கூலித் தமிழ்' என்று சிரித்த தோழர்களோடு நாமும் சேர்ந்து சிரித்ததுண்டு. அந்தத் தோழர்களே 2006ல் 'மடை திறந்து' பாட்டை ரோமன் எழுத்தில் எழுதிவைத்து நெட்டுருச் செய்தார்கள்! லெபோ பாசார் இசைத்தட்டுக் கடைவாசலில் நின்று கேட்ட நமக்கோ மடை என்றால் என்னவென்றே தெரியாது. பால்மரம் சீவிக் கைகாய்த்துப்போன பாட்டியிடம் கேட்டோம். வயலுக்கு நீர் விடும் வாய் என்று சொல்லி, தம் தாயார் ஊரைப் பற்றி அன்றிரவு வெகுநேரம் பேசினார். அதுவரை அவரிடம் நாம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டதில்லை. ஓர் இசைத்தட்டு இவ்வளவு செய்யுமானால், அதன் தற்பெருமையை மன்னிப்பது மட்டும் போதாது. நன்றியும் சொல்ல வேண்டும்.

இனி, இத்தட்டை நாம் வரவேற்ற விதத்தைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. பாட்டுக் கடல் கடந்து தமிழ்நாட்டில் பரவிற்று. 2007ல் 'பொல்லாதவன்' படத்திற் பழைய 'எங்கேயும் எப்போதும்' பாட்டைப் புதுப்பித்தபோது யோகி பியின் குரல் அதில் ஏறியது. 2017ல் 'விவேகம்', 2018ல் 'காலா' என்று சினிமா அழைப்பு நீண்டது. நம்மவர் பலர் அவரை மெச்சத் தொடங்கியது அதன் பிறகே. தமிழ்நாட்டு ஆதியும் ஜீவாவும் 'ஹிப்ஹாப் தமிழா' என்ற பெயரில் முதல் தட்டை வெளியிட்டது 2012ல். இத்துறையில் நாம் முந்தியிருந்தோம். முந்தியவர் பிந்தியவரிடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்பானேன்? சென்னை மெச்சினாலன்றி நம் சரக்கு சரக்கன்று என்னும் புத்தி, துரை கையொப்பமிட்டாலன்றிக் கணக்குச் சரியன்று என்னும் கிராணிப் புத்தியேயாம். இதை நாம் அனுபவத்திற் சொல்லுகிறோம்.

பாடுவோரிடமும் ஒரு குறையுண்டு. பவணந்தியார் கொடுத்தது நிரந்தர அனுமதியன்று. ஆற்றலை உலகம் அறிந்தபின் தன்னைப் புகழ்ந்துகொண்டேயிருப்பவன், விளக்கேற்றிய பின்னும் தீக்குச்சி கிழிப்பவனாவான். 'வல்லவன்' 2006ல் தன்னைப் புகழ்ந்தது தகும். அதன் பின்வந்தோர் பலர் அதே புகழ்ச்சியைத் திருப்பித் திருப்பிச் சொல்வது தகாது. 2021ல் தமிழ்நாட்டுச் சொல்லிசைப் புலவர் அறிவு, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை அதற்கு அடிப்படையாக்கிக் கொண்டார் அவர். அப்பாட்டில் 'நான்' தேய்ந்து 'நாம்' வளர்ந்தது.

அதைக் கேட்டபோது நமக்கு மகிழ்ச்சியோடு ஏக்கமும் உண்டாயிற்று. இலங்கைத் தோட்டத்துப் பாட்டிக்குப் பாட்டு வந்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக்குப் போன நம் பாட்டிக்கு எங்கே? மெட்டும் மேளமும் நம்மிடம் உண்டு. தமிழைத் தாளத்தில் நிறுத்தும் வித்தையை 'வல்லவன்' கற்றுக்கொடுத்துவிட்டான். இல்லாதது கேட்டறியும் பொறுமை ஒன்றே. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அறையில் இருந்து ராப் பாடினால் கூச்சலென்று கதவைத் தட்டாதீர்கள். இளைஞர்களே, ஒலிவாங்கியைக் கையிலெடுக்குமுன் வீட்டிலுள்ள கிழவியிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். நம்முடைய பாட்டி இப்பொழுது இல்லை. மடையைப் பற்றிக் கேட்ட நாம், மற்றவற்றையெல்லாம் கேளாமற் போனோம்.