பேசாப் படங்களில் இயேசு

வார்த்தை மனுவுருவான மறைபொருளை, வார்த்தையே ஒலிக்காத ஒரு கலை சொல்ல முற்பட்டது வியப்புக்குரியது. பேசாப் படத்தில் மலைப்பொழிவு நம் செவியில் விழாது, உவமைகளும் விழா. உதடுகள் அசையும், கைகள் உயரும், அவ்வளவே. ஆயினும் திரைப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே, 1898இல், லூமியேர் நிறுவனத்தார் இயேசுவின் வாழ்வையும் பாடுகளையும் படச்சுருளில் பதித்துவிட்டனர். நம் மண்ணுக்கும் இவ்வகைப் படங்கள் அயலானவை அல்ல. 1905இல் திருச்சியில் இரயில்வே பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கிக் கூடாரமடித்து ஊர் ஊராய்க் காட்டியவற்றுள் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று.

அக்காலத்துப் படங்களுள் நம்மை மிகவும் ஈர்ப்பது 1906இல் பிரான்சில் ஆலிஸ் கீ என்னும் பெண்மணி கோமோன் நிறுவனத்துக்காக இயக்கியது. அரைமணி நேரத்திற்குச் சற்றே மிகுந்த இப்படத்தில் 25 காட்சிகள் உள்ளன. படக்கருவி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்க, நிகழ்ச்சி முழுவதும் அதன்முன் நடந்து முடிகிறது. சிலுவைப்பாதை நிலைகளின்முன் நின்று நின்று செல்லும் நமக்கு இம்முறை பழகியதே. பாலஸ்தீனம் சென்றுவந்து ஓவியர் திஸோ தீட்டிய விவிலியப் படங்களைத் தழுவியே காட்சிகள் அமைந்தன.

இயக்குநர் எவற்றைத் தெரிந்தெடுத்தார் என்பதைக் கூர்ந்து நோக்குக. குழந்தைப் பருவத்திற்கும் எருசலேம் நுழைவிற்கும் இடையே அவர் காட்டுபவை மூன்றே: சமாரியப் பெண், யாயீரின் மகள், இயேசுவின் பாதங்களைக் கழுவும் மகதலா மரியா. புயலை அடக்கியதும் இல்லை, அப்பம் பலுகியதும் இல்லை. ஆண்டவரின் பணிவாழ்வு முழுவதும் மூன்று பெண்களின்வழி சொல்லப்படுகிறது! நற்செய்தி ஏடுகளில் இடம்பெறாத வெரோணிக்காவுக்கோ தனிக் காட்சியே உண்டு. திருமுகம் பதிந்த துணியை அவள் நமக்கு ஏந்திக் காட்டுகிறாள். இதனை இறையியல் விளக்கம் என்றே கூறத் துணிகிறோம்.

1912இல் சிட்னி ஓல்காட் இயக்கிய 'தொட்டில் முதல் சிலுவை வரை' என்னும் அமெரிக்கப் படம் வேறு வழியை நாடியது. கதையை எழுதி மரியாவாகவும் நடித்தவர் ஜீன் கான்டியர். எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் நேரே சென்று படம்பிடித்தனர். திருக்குடும்பம் பிரமிடுகளின் அருகே இளைப்பாறுவதைக் காண்கையில் உள்ளம் சிலிர்க்கவே செய்கிறது. எனினும், மண் மெய்யானதாலேயே படம் மெய்யாகிவிடுமா? சிலுவைச் சாவோடு இப்படம் முடிகிறது, உயிர்ப்பு இல்லை. கல்லறைக் கல் புரளாத கதை ஒரு நல்லவரின் வாழ்க்கை வரலாறு ஆகலாம், நற்செய்தி ஆகாது.

1927இல் செசில் பி. டிமில் எடுத்த 'அரசர்க்கெல்லாம் அரசர்' பேசாப் படக் காலத்தின் அந்திவேளையில் வந்தது. அதன் தொடக்கம் நமக்கு உவப்பானதன்று. வரிக்குதிரைகள் பூட்டிய தேரில் மகதலா மரியா புறப்படுவது விவிலியமோ வரலாறோ அன்று, ஹாலிவுட்டின் களியாட்டம். ஆயினும் அதே படத்தில்தான் பார்வையற்ற சிறுமி வருகிறாள். அதுவரை இயேசுவின் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை. திரை அவளது இருளாகிறது. அதில் ஒளி மெல்லக் கசிந்து, ஒரு முகம் உருப்பெறுகிறது. அவள் காணும்போதே நாமும் காண்கிறோம். பார்வை பெற்ற பின்னரே அவரைக் காண இயலும் என்பதை இதனினும் சுருங்கச் சொல்வது அரிது. பேசும் படங்களில் எந்த நடிகர் வாய்திறந்தாலும் 'இது அவர் குரலன்று' என நெஞ்சம் மறுக்கிறது. இங்கோ எழுத்துத் திரைகளில் வரும் இறைவார்த்தையை அவரவர் உள்ளக் குரலிலேயே படிக்கிறோம்.

ஒரு குறையை மறைத்தல் முறையன்று. இப்படம் யூதர்மீது பழி சுமத்துவதாக அமெரிக்க யூதர்கள் அன்றே கண்டித்தனர். சில மாற்றங்களும் செய்யப்பட்டன. கயபா ஒருவனே குற்றத்தைத் தன் தலைமேல் ஏற்பதாகப் படம் காட்டினும், அவனைத் தீட்டிய வண்ணத்தில் பழைய வெறுப்பின் சாயல் இல்லாமல் இல்லை. இயேசுவின் பாடுகளுக்கு யூத மக்கள் எல்லாரையும் பொறுப்பாக்கலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. நம் ஊர்ப் பாஸ்கா மேடைகளையும் இக்கண்கொண்டு ஒருமுறை நோக்குதல் நலம்.

டிமிலின் படத்தில் இன்னொரு சிறு காட்சி. கால் ஒடிந்த பொம்மையோடு ஒரு குழந்தை இயேசுவிடம் வருகிறது. முடவரை நடக்கவைத்தவர் தன் பொம்மையையும் நலமாக்குவார் என்பது அதன் நம்பிக்கை. நாசரேத்தூர்த் தச்சர் அதை வாங்கிப் பார்க்கிறார், முறுவலிக்கிறார், தம் கைகளாலேயே சரிசெய்து திருப்பிக் கொடுக்கிறார்.