தொழிற்சங்க அடர்த்தி: அமெரிக்க மாநிலத் தொடர்வரிசையின் ஒட்டிடம்

அமெரிக்க மாநிலங்களின் தொழிற்சங்க உறுப்பினர் வீதத்தை 1964 முதல் ஒரே தொடர்வரிசையாகத் தந்தவர்கள் பாரி ஹிர்ஷ், டேவிட் மெக்பெர்சன், வேன் விரோமன் ஆகிய மூவர். 2001 ஜூலை 'மந்த்லி லேபர் ரெவ்யூ' இதழில் வெளிவந்த அம்மதிப்பீடுகளைப் பின்வந்தோர் பலர் ஒரே அளவுகோலால் அளந்தவை போலவே கையாளுகின்றனர். அவை அவ்வாறு அளக்கப்பட்டவை அல்ல.

தொடரின் பிற்பகுதி, நடப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பங்கள் அளித்த விடைகளால் ஆனது. 1960களுக்குரிய பகுதியோ தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்திற்குச் சங்கங்கள் தாமே அளித்த எண்ணிக்கை. சங்கப் பட்டியலில் ஓய்வுபெற்றோரும் வேலையிழந்தோரும் இடம்பெறக்கூடும். கணக்கெடுப்பின் வீதம் ஊதியம் பெறுவோரை மட்டுமே கொள்ளும். மேலும், கணக்கெடுப்பு வசிப்பிடத்தை நோக்குவது. நியூஜெர்சியில் வாழ்ந்து நியூயார்க்கில் பணிபுரிபவர் அதில் நியூஜெர்சிக்காரர். அவருடைய சங்கக் கிளைக்கு அவர் நியூயார்க்கின் உறுப்பினர். 1977இல் வினாவே மாறிற்று: சங்கத்தை ஒத்த ஊழியர் அமைப்புகளும் சேர்க்கப்பட்டன. ஆசிரியர் அமைப்புகள் வலுவாக இருந்த மாநிலங்களில் இம்மாற்றத்தின் விளைவு பிறவற்றைப் போன்றதாக இருந்திருக்க இயலாது.

இரு மூலங்களும் ஒருங்கே கிடைக்கும் ஆண்டுகளின் உறவைக் கொண்டு முந்தைய எண்களை மூவரும் திருத்துகின்றனர். அதை அவர்கள் மறைக்கவில்லை; மறந்தவர்கள் பயன்படுத்துவோரே. 1970களின் உறவு 1960களிலும் மாறாதிருந்தது என்னும் எடுகோள் அத்திருத்தத்தின் அடியில் உள்ளது.

மாநிலங்களின் வரிசைமுறைக்கு இதனால் பெருங்கேடில்லை. 2023இல் ஹவாயின் வீதம் 24.1; தென் கரோலினாவினது 2.3. இத்துணை இடைவெளியை அளவைப் பிழை விழுங்கிவிடாது. சிறு மாநிலமொன்றில் ஒரு புள்ளி ஏற்றத்தாழ்வைக் காட்டிச் சட்டமொன்றின் விளைவு இதுவென முடிவுகட்டுவதே ஏற்கத்தகாதது. சந்தா கட்டாயத்தை விலக்கும் சட்டங்களைப் பற்றிய ஆய்வுகளில் இவ்விடர் மிகுதி: அங்கே உறுப்பினராகாமலே ஒப்பந்தப் பயன் பெறுவோர் பெருகலாம், உறுப்பினர் வீதம் விழும், ஒப்பந்தப் பரப்பு அந்த அளவிற்கு விழாது. இரண்டையும் கணக்கெடுப்பு தனித்தனியே வினவுகிறது; ஆயினும் முதலதை மட்டும் எடுத்தாளும் வழக்கம் தொடர்கிறது.

இந்தியாவில் 1926 தொழிற்சங்கச் சட்டப்படி பதிவாளர்க்கு அளிக்கப்பட்டு வந்த ஆண்டறிக்கைகளும் சங்கங்களின் கூற்றே. அறிக்கை அளிக்காத சங்கம் அக்கணக்கில் இல்லாத சங்கமாகிவிட்டது. தேசிய மாதிரி ஆய்வின் 61ஆம் சுற்று (2004-05) உறுப்பினர் நிலையைத் தொழிலாளரிடமே வினவியது. இவ்விரண்டையும் மாநிலவாரியாக ஒப்புநோக்காமல் பதிவாளர் எண்களைக் கொண்டு வளர்ச்சி, தேய்வு எனப் பேசுவது, அறிக்கை அளிக்கும் பழக்கத்தை அளப்பதாகவே முடியும்.