54 சதவீதம் எதுல? ஒரு திருத்தம்

கோட்டைப்பட்டினத்துல இருக்கிற எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போன வாரம் ஒரு ஃபார்வர்டு. விண்வெளிக்குப் போனா 54 சதவீத ரத்தம் அழிஞ்சிடுமாம். ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடும் என் தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, பாதி ரத்தம் போனா ஆளு எப்படிண்ணே உசுரோட இறங்குவாங்க?"

கேள்வி சரி, செய்திதான் தப்பு. கிட்டத்தட்ட இதே வரியை நானும் இந்த வலைப்பூவில் ஒருமுறை எழுதியிருக்கிறேன் என்பதால் இந்தப் பதிவு.

மூலக் கட்டுரை 2022 ஜனவரியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. ஒட்டாவாவைச் சேர்ந்த ட்ரூடெல் குழு, ஆறு மாதம் விண்வெளி நிலையத்தில் இருந்த 14 பேரைச் சோதித்தது. தரையில் நொடிக்கு சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் அழிகின்றன. அங்கே 30 லட்சம். கூடியது அழியும் வேகம். தொட்டியில் ஓட்டை பெரிசாச்சுன்னா பாதித் தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தமில்லையே! நம் உடம்பில் சுமார் 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள். கணக்குப் போட்டால் தினமும் 0.7 சதவீதம் அழிந்தது 1 சதவீதமாகிறது, அவ்வளவுதான். எலும்பு மஜ்ஜையும் சும்மா இருக்காது, கூடுதலாக உற்பத்தி செய்யும். ஆனாலும் இறங்கியபோது சோதித்த 13 பேரில் 5 பேருக்கு ரத்தசோகை இருந்தது.

கட்டுரை மேலயும் எனக்கொரு கேள்வி உண்டு. அணுக்களை நேரடியாக எண்ணவில்லை. மூச்சில் வரும் கார்பன் மோனாக்சைடை அளந்தார்கள். ஒரு ஹீம் உடைந்தால் ஒரு மூலக்கூறு வரும். கெட்டிக்கார வழிதான். ஆனால் ஹீம் தசையிலும் இருக்கிறது, எடையற்ற நிலையில் தசையும் கரைகிறது. அப்போ கூடியது முழுக்க ரத்தக் கணக்கா? முழுக்க தசை என்றும் சொல்ல முடியாது. தரைக்கு வந்து ஒரு வருஷம் கழிச்சும், தசை தேறியிருக்க வேண்டிய காலத்தில், அளவு சுமார் 30 சதவீதம் அதிகமாகவே இருந்தது. 14 பேரில் பெண்கள் 3 பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ககன்யான் குழுவில் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் இருப்பதால், இந்த 54 நம்ம ஊர்ச் செய்திகளில் மறுபடி வரும். ககன்யான் பயணத் திட்டம் 3 நாள். அந்த ஆய்வில் விண்வெளியில் எடுத்த முதல் மாதிரியே 5-ஆம் நாள் வாக்கில்தான். ஆறு மாசக் கணக்கை மூணு நாளைக்கு ஒட்ட வேண்டாம்.

தங்கச்சிக்கு இதை வாய்ஸ் மெசேஜா அனுப்பினேன். "அப்ப எனக்கு ஓட்டை பெரிசா, வரத்து கம்மியாண்ணே?"ன்னு திருப்பிக் கேட்டாள். அதை டாக்டர்கிட்டத்தான் கேக்கணும்னேன்.